ஒருமுறை வந்த வலிப்புக்கு வேலூர் வரை போக வேண்டுமா?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன், டாக்டர். என் தம்பிக்கு 17 வயது, பிளஸ் டூ முடித்திருக்கிறான். கெங்கையம்மன் சிரசு திருவிழா அன்று இரவு வாணவேடிக்கை பார்த்துவிட்டு நண்பர்களோடு சுற்றி, விடியற்காலை மூன்று மணிக்குத்தான் வந்து படுத்தான். ஆறரைக்கு எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனவன் அப்படியே விழுந்துவிட்டான். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, நுரை தள்ளியது, நாக்கைக் கடித்துக்கொண்டான், சிறுநீரும் போய்விட்டது. கால் மணி நேரம் இருந்தது என்கிறார் அம்மா. இங்குள்ள டாக்டர் சி.டி. ஸ்கேன், இ.இ.ஜி. இரண்டும் எடுத்துப் பார்த்து நார்மல் என்றார். கார்பமசிபைன் 200 மாத்திரை காலையும் இரவும் கொடுத்திருக்கிறார். மறுபடி வந்தால் வேலூருக்கு எழுதித் தருகிறேன் என்கிறார். தூக்கம் கெட்டதால் ஒரு தரம் வந்தது, அதற்குப் போய் ஏன் அலைய வேண்டும் என்கிறார் அப்பா. சித்தியோ உடனே சி.எம்.சி.க்குக் கூட்டிப் போகச் சொல்கிறார். 20 நாள் ஆகிவிட்டது, வலிப்பு வரவில்லை. காலையில் காபி டம்ளரைக் கைதவறிப் போடுவது மட்டும் கொஞ்சம் அதிகமாகியிருக்கிறது. அது ஆறு மாதமாகவே உண்டு, தூக்கக் கலக்கம் என்று திட்டுவோம். எப்போதுதான் நிபுணரிடம் போக வேண்டும்?

பதில்: இந்த வாரமே போங்கள். சித்தி சொல்கிறார் என்பதற்காக இல்லை. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு டம்ளரைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதற்காக.

தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் கை திடீரென்று ஒரு வெட்டு வெட்டி, பிடித்திருக்கும் பொருள் தெறித்து விழுவது தூக்கக் கலக்கத்தால் மட்டும் வருவதில்லை. தம்பியைத் தனியே உட்காரவைத்துக் கேளுங்கள். பல் துலக்கும்போது பிரஷ் வாயிலிருந்து தெறிக்கிறதா? தலை வாரும்போது சீப்பு நழுவுகிறதா? தோள்பட்டை மின்சாரம் பட்டதுபோல் ஒரு கணம் குலுங்குகிறதா? அந்த நேரத்தில் நினைவு தெளிவாக இருக்கிறதா? தூங்காத இரவுக்கு மறுநாள் அதிகமாகிறதா? இவற்றுக்கெல்லாம் ஆம் என்றால், ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி என்ற வகையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 12 வயதிலிருந்து 18 வயதுக்குள் தொடங்குவது வழக்கம். காலை வெட்டுகள் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருக்கும். பிறகு ஒருநாள் தூக்கம் கெட்டதும் பெரிய வலிப்பாக வரும். நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் சூட்டுவது முறையல்ல. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது அந்தப் படத்தோடு நன்றாகவே பொருந்துகிறது.

அப்படியானால் அப்பா சொல்லும் 'ஒரு தரம்தானே' என்ற கணக்கு நிற்காது. 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளியில், வெளிப்படையான உடனடிக் காரணம் இல்லாமல் இரண்டு முறை வந்தால் அதை வலிப்பு நோய் என்கிறோம். ஆறு மாதமாக வரும் கை வெட்டுகளும் வலிப்பு என்று உறுதியானால், தொட்டியருகே விழுந்தது முதல் வலிப்பே ஆகாது. தூக்கம் கெட்டதைக் காரணமாகச் சொல்லி விட்டுவிடவும் முடியாது. அன்று இரவு தூங்காமல் கூத்தடித்த நண்பர்கள் யாருக்கும் வலிப்பு வரவில்லையே. ஏற்கெனவே இருக்கும் போக்கைத் தூக்கமின்மை தூண்டிவிடும், அவ்வளவுதான். சர்க்கரை மிகவும் இறங்கிப்போவது, சோடியம் குறைவது, குடியை நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வருவது போன்றவைதான் உடனடிக் காரணங்கள்.

அடுத்தது மாத்திரை. அவசரம் என்று நான் சொல்வது இதனால்தான். மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்புகளுக்குக் கார்பமசிபைன் நல்ல மருந்து. தம்பிக்கு இருப்பதாக நான் சந்தேகிக்கும் வகைக்கு அது பொருந்தாது. காலை வெட்டுகளைக் கூட்டிவிடக்கூடும். ஆக்ஸ்கார்பசிபைன், ஃபெனிட்டாய்ன் இரண்டும் அப்படியே. டம்ளர் விழுவது அதிகமாகியிருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இதற்காக உங்கள் டாக்டர் மீது குறைபட வேண்டாம். டம்ளர் கதையை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள். இன்றே அவரிடம் போய் இந்த ஒன்றைச் சொல்லுங்கள், அவரே அனுப்பிவைப்பார். அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் அடுத்தடுத்து வலிப்பு வரலாம். ஒன்று மட்டும் விதிவிலக்கு: உடம்பில் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு, காய்ச்சல் தோன்றினால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கார்பமசிபைனில் அரிதாக வரும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற கடுமையான தோல் ஒவ்வாமை பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள்தான் தலைகாட்டும்.

இரண்டு பரிசோதனையும் நார்மல் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி வந்திருக்கும். அந்த நிம்மதிக்கு ஓர் அளவு உண்டு. இ.இ.ஜி. பதிவு செய்வது இருபது, முப்பது நிமிட மூளை மின்னோட்டத்தை மட்டுமே. வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் பதிவு நார்மலாகத்தான் வரும். தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு, காலை நேரத்தில், தூங்கும்போதும் விழிக்கும்போதும் எடுத்தால் கோளாறு பதிவில் சிக்கும் வாய்ப்பு கூடும். மூன்று நிமிடம் ஆழமாக மூச்சு வாங்கவைத்து, கண்ணெதிரே விளக்கை மினுக்கிக் காட்டியும் எடுப்பார்கள். சி.டி. நார்மல் என்றால் கட்டி, ரத்தக்கசிவு, சுண்ணாம்பு படிந்த பழைய புழுக்கட்டி போன்ற பெரிய விஷயங்கள் தெரியவில்லை என்று பொருள். தம்பியின் வகையில் எம்.ஆர்.ஐ.யும் பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். ஆகவே நிபுணரைப் பார்க்கும் முன்பே கடன் வாங்கி எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு போக வேண்டாம். தேவையா, தேவையென்றால் எந்த முறையில் என்பதை அவர் எழுதித் தரட்டும். வலிப்புக்கென்று எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் பொட்டுப்பக்க மூளையை மெல்லிய துண்டுகளாகப் படம் பிடிக்க வேண்டும். தலைவலிக்கு எடுக்கும் பொதுவான படத்தில் அது கிடைக்காது, இரண்டாம் முறை பணம் கட்ட வேண்டிவரும்.

இனி, எப்போது நிபுணரிடம் போவது என்ற உங்கள் கேள்விக்குப் பொதுவாகவே பதில் சொல்கிறேன். முதல் வலிப்பு என்று சந்தேகம் வந்த எவரும் இரண்டு வாரத்துக்குள் ஒருமுறையாவது நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல் சொல்லும் கெடுவும் இதுதான். நம் ஊரில் இதை ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். வந்தது வலிப்பா, வலிப்பென்றால் எந்த வகை, மாத்திரை தொடங்க வேண்டுமா என்ற மூன்றையும் தொடக்கத்திலேயே சரியாகத் தீர்மானித்துவிட்டால் பிறகு மாதாமாதம் வேலூருக்கு வர வேண்டியதில்லை. மாத்திரையை உள்ளூர் டாக்டரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வாங்கிக்கொண்டு ஆண்டுக்கொரு முறை காட்டினால் போதும். தொடக்கத்தில் தவறினால் வலிப்பே இல்லாத ஒருவர் வருடக்கணக்கில் மாத்திரை விழுங்குவார்.

அப்படி வலிப்பு என்று முத்திரை குத்தப்படுவதில் முதலிடம் சாதாரண மயக்கத்துக்கு. பள்ளி இறைவணக்கத்தில், வெயிலில் கோயில் வரிசையில், ஊசி போடும்போது விழுகிறவர்களுக்கு முதலில் கண் இருட்டும், வியர்க்கும், முகம் வெளிறும். விழுந்த பிறகு நாலைந்து முறை கைகால் உதறவும் செய்யும். அந்த உதறலைப் பார்த்துத்தான் பயந்துவிடுகிறார்கள். ஒரு நிமிடத்துக்குள் எழுந்து தெளிவாகப் பேசினால் அது பெரும்பாலும் மயக்கம். வலிப்பில் முகம் நீலமாகும், நாக்கின் பக்கவாட்டில் கடி விழும், முடிந்த பிறகும் பத்து நிமிடம், அரைமணி நேரம் குழம்பிக் கிடப்பார்கள், மறுநாள் உடம்பெல்லாம் அடித்துப்போட்டாற்போல் வலிக்கும். ஓடும்போதோ விளையாடும்போதோ விழுந்தாலும், குடும்பத்தில் சின்ன வயதில் திடீர் மரணம் இருந்தாலும், முதலில் இதய மருத்துவரைப் பாருங்கள். இதயத் துடிப்புக் கோளாறு வலிப்பு வேடத்தில் வரும். வலிப்பு மாத்திரைக்கு அது அடங்காது. தம்பிக்கு ஈ.சி.ஜி. எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. முதல் வலிப்பு வந்த எல்லோருக்கும் எடுக்க வேண்டிய, மிக மலிவான பரிசோதனை அது. எடுத்துவிடுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய விஷயம் ஒன்று உண்டு. வேலூர் மாவட்ட ஊர்களில் வீடுவீடாக நடத்திய ஆய்வில், வலிப்பு நோய் இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நாடாப்புழுவின் முட்டையால் வரும் மூளைப் புழுக்கட்டி காரணமாக இருந்தது. பன்றிக்கறி சாப்பிட்டதில்லையே என்று பலர் வாதிடுவார்கள். சரியாக வேகாத பன்றிக்கறியால் குடலில் நாடாப்புழு வரும். மூளையில் கட்டி வருவதோ, அந்தப் புழு உள்ள ஒருவரின் மலத்திலிருந்து முட்டை கை, தண்ணீர், கழுவாத கீரை வழியாக அடுத்தவர் வாய்க்குப் போவதால். சைவக்காரர்களுக்கும் வரும். ஸ்கேனில் 'மோதிரம்போல் ஒரு சிறு புள்ளி' என்று எழுதியிருந்தால் நிபுணரிடம் போயே ஆக வேண்டும். 20 மில்லிமீட்டருக்குள் ஒற்றையாக இருப்பது பெரும்பாலும் புழுக்கட்டி. அதைவிடப் பெரிதாக இருந்தாலோ, சுற்றிலும் வீக்கம் மூளையைத் தள்ளினாலோ, கை கால் பலம் குறைந்துகொண்டே போனாலோ காசநோய்க் கட்டியையும் நினைக்க வேண்டும். இரண்டுக்கும் மருந்தே வேறு. மருந்துக் கடையில் அல்பெண்டசோல் என்ற புழு மருந்தை வாங்கி நீங்களாகக் கொடுக்க வேண்டாம். புழு செத்து வீங்கும்போது வலிப்பு கூடும், அதனால்தான் ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுக்கிறோம். கண்ணுக்குள் கட்டி இருந்தால் பார்வையே போகலாம் என்பதால் அதையும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

இரண்டு வாரம் என்ற கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், ஒன்று நின்று நினைவு வருமுன் அடுத்தது வந்தால், 108. கர்ப்பிணிக்கு ஐந்தாம் மாதத்துக்கு மேல் வந்தால் அதை ரத்தக்கொதிப்பால் வரும் ஜன்னியாகவே கருதி, பிரசவம் பார்க்கும் பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள், இடையில் எந்தக் கிளினிக்கிலும் நிற்க வேண்டாம். காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, தலையில் அடிபட்ட பின் வலிப்பு, ஒரு பக்கக் கை கால் விழுந்துபோவது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவருக்கு வருவது, எல்லாம் அன்றைக்கே.

இவை பார்த்த உடனே பயம் தருபவை, அதனால் யாரும் தாமதிப்பதில்லை. பயம் தராமல் வருவதில்தான் நாட்கள் வீணாகின்றன. மூன்று மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை, தூங்கி எழுந்ததும் தலையைக் கவிழ்த்து, இரண்டு கையையும் விரித்து, கும்பிடுவதுபோல் ஒரு நொடி மடங்கும். சில நொடி விட்டு மறுபடி. இப்படி வரிசையாகப் பத்து, இருபது, ஐம்பது தடவை. நடுவில் அழும். வயிற்று உப்புசம் என்று வசம்பு உரசிக் கொடுப்பார்கள், தோஷம் என்று கயிறு கட்டுவார்கள். வயிற்று வலி இப்படித் தாளம் போட்டதுபோல் வராது. இது வெஸ்ட் சிண்ட்ரோம் என்னும் குழந்தைப் பருவ வலிப்பு. சிரிக்கத் தொடங்கிய குழந்தை சிரிப்பதை நிறுத்திவிடும், நின்ற கழுத்து தொய்ந்துபோகும். சிகிச்சை தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் அறிவு வளர்ச்சியில் இழப்பு. ஒரு வரிசையை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு, அன்றோ மறுநாளோ குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். மூன்று வயதுக்குள் வலிப்பு வந்த எந்தக் குழந்தையையுமே, காய்ச்சல் வலிப்பு நீங்கலாக, பொது டாக்டர் தானே வைத்துப் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து.

அந்தக் காய்ச்சல் வலிப்புக்கு நரம்பியல் மருத்துவர் தேவையில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள், காய்ச்சலோடு, உடம்பு முழுக்க, 15 நிமிடத்துக்குள், நாளுக்கு ஒருமுறை மட்டும் வந்தால் குழந்தை மருத்துவர் போதும். ஒரு வயதுக்குக் குறைவென்றால் மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்துகொள்ள மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பது நல்லது. பூஜைக் கற்பூரத்தை எடுத்துத் தின்ற குழந்தைக்கும் வலிப்பு வரும். அங்கே தேவை அவசர சிகிச்சைதான், வருடக்கணக்கில் மாத்திரை தேவைப்படாது. தலைக்குச் சுடச்சுடத் தண்ணீர் மொண்டு ஊற்றும்போது மட்டும் வரும் வெந்நீர் வலிப்பு தென்னிந்தியாவில்தான் அதிகம். வெதுவெதுப்பான நீரைத் தலையில் மெல்ல ஊற்றினாலே பலருக்கு அடங்கிவிடும். நிபுணரை ஒருமுறை பார்த்தால் குளிக்கும் முன் மட்டும் போட ஒரு மாத்திரை எழுதித் தருவார்.

இன்னொரு படி இருக்கிறது, நிபுணரிலிருந்து வலிப்பு மையத்துக்கு. சரியாகத் தேர்ந்தெடுத்த முதல் மருந்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலிப்பு நிற்கும். இரண்டாவதில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுதலாக அடங்குவார்கள். அதற்கு மேல் மூன்றாவது, நான்காவது என்று சேர்த்துக்கொண்டே போவதில் பலன் சொற்பம். ஆகவே இரண்டு மருந்து, உரிய அளவில், ஒரு வேளையும் தவறாமல் போட்டும் நிற்கவில்லை என்றால், அறுவை சிகிச்சைக்கு வழி இருக்கிறதா என்று பார்க்கும் மையத்துக்குப் போக வேண்டும். அறுவை என்றதும் கடைசிப் புகலிடம் என்று பதினைந்து வருடம் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் சி.எம்.சி.யில் நரம்பியல் துறையைத் தொடங்கி, 1952-இலேயே வலிப்புக்கு அறுவை செய்துவிட்டார். நம் ஊருக்கு இது புதிதல்ல. கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையை இருபுறமும் ஆட்டி, விட்டு விட்டு அரைமணி நேரம் வருவதும் மையத்துக்கான காரணம்தான். மன அழுத்தத்தால் வரும் அந்த வகையை நடிப்பு என்று திட்டுவதும் தவறு, வலிப்பு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதும் தவறு. வீடியோவோடு சேர்த்து இ.இ.ஜி. எடுத்தால் வேறுபாடு தெரிந்துவிடும். கருவைப் பாதிக்கக்கூடிய வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரையைச் சாப்பிடும் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே நிபுணரைப் பாருங்கள். கருவுற்ற பிறகு ஓடிவந்தால், உறுப்புகள் உருவாகும் வாரங்கள் கடந்திருக்கும்.

தம்பிக்குத் திரும்புகிறேன். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகட்டும், சி.எம்.சி. ஆகட்டும், நரம்பியல் மருத்துவர் எந்த நாளில் பார்க்கிறார் என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். தம்பிக்கு விழுந்ததே நினைவிருக்காது, அதனால் நேரில் பார்த்த அம்மா கூட வரட்டும். அம்மாவின் கால் மணி நேரத்தை அப்படியே எழுதிக் கொடுக்க வேண்டாம். வெட்டி இழுத்தது எவ்வளவு நேரம், பிறகு அசந்து கிடந்தது எவ்வளவு நேரம் என்று பிரித்துக் கேளுங்கள். முதலாவது பெரும்பாலும் இரண்டு நிமிடமாகத்தான் சுருங்கும். சி.டி. அறிக்கையோடு படத்தையும், இ.இ.ஜி. தாளையும், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தபோது அழத் தாமதமானதா, சின்ன வயதில் நெடுநேரக் காய்ச்சல் வலிப்பு வந்ததா, பெற்றோர் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களா, உறவில் யாருக்கு வலிப்பு என்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதுங்கள். தாளின் முதல் வரியாக டம்ளரை எழுதுங்கள். காலை நேரத்தில் கை வெட்டுவதை, முகமும் கையும் ஒன்றாகத் தெரியும்படி நாலு நாள் வீடியோ எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

அதுவரை பைக் வேண்டாம், மோர்தானா அணைப் பக்கம் குளிக்கப் போவது வேண்டாம், குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம், இரவு பத்தரைக்கு மேல் போன் வேண்டாம். 18 ஆனதும் ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிப்பார். படிவம் 1-இல் வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள். மறுபடி வந்தால் மணியைப் பாருங்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், சட்டைக் காலரைத் தளர்த்துங்கள். கையில் சாவி திணிப்பதோ வாயில் கரண்டி வைப்பதோ வேண்டாம். இரும்பால் வலிப்பு நிற்காது, கரண்டியால் பல் உடையும்.

வேலூரில் இ.இ.ஜி. மறுபடி எடுக்கச் சொல்வார்கள். முந்தின நாள் ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளிக்கட்டும். தலையில் எண்ணெய் பிசுக்கு இருந்தால் மின்முனை ஒட்டாது. தூக்கத்தைக் குறைத்து வரச் சொன்னால் அவர்கள் சொல்லும் மணிக்கணக்கை மட்டும் பின்பற்றுங்கள், காலைச் சாப்பாட்டையும் மாத்திரையையும் வழக்கம்போல் கொடுங்கள். தூக்கம் குறைந்த அந்தக் காலையில்தான் தம்பிக்கு ஆபத்து அதிகம், ஆகவே பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கம் நிற்கவிடாமல் உள்ளே உட்காரவைத்துக் கூட்டி வாருங்கள்.